‘எதிர்மறைப் பதிவு நீக்கப்படும்’: 3டி பிரிண்டர் குழுவின் இந்த விதியை எப்படி மாற்றி எழுதுவது?

அடுக்கு_02

வணக்கம். வீட்டில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கான டெலிகிராம் குழு ஒன்றின் விதிகளைத் திருத்தும் வேலை. உறுப்பினர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அட்மின்கள் நான்கு பேர், அதில் ஒருவர் ஃபிலமென்ட் (பிரிண்டரில் உருகிப் பொருளாகும் பிளாஸ்டிக் இழை) கடைக்காரர். இப்போதுள்ள 5ஆம் விதி இது:

“எதிர்மறையான பதிவுகள், பிராண்டுகளைத் தாக்கும் பதிவுகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படும். அட்மின் முடிவே இறுதியானது.”

இதோடு குழுவில் வைத்திருக்கும் தானியங்கி பாட் ஒன்றில் ஒரு தடைச்சொல் பட்டியலும் ஓடுகிறது: குப்பை, போலி*, ஏமாற்ற*, ஏமாத்து*, ஸ்கேம், டுபாக்கூர், கமிஷன். * போட்ட சொல்லுக்குப் பின்னால் எது ஒட்டினாலும் அதுவும் சிக்கும். சொல் வந்தால் பதிவு காணாமல் போகும். எழுதியவருக்கு ஒரு வரிகூடப் போகாது.

அப்படிப் போன பதிவு ஒன்று, பிராண்ட் பெயர் மட்டும் எடுத்துவிட்டு:

“வாங்கி 3 வாரம்தான் ஆச்சு, சுத்தக் குப்பை. ஏமாத்துறானுங்க. தெர்மிஸ்டர் கழண்டு கெடந்துச்சு, ஸ்க்ரீன்ல 180ன்னு காட்டுது, இங்க நாசில்ல ஃபிலமென்ட் புகையுது. எரரும் வரல, மெஷின் நிக்கவும் இல்ல. அட்மினுக்குக் கமிஷன் போகுது, எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

கேட்க வேண்டியவை: இந்த மாதிரிப் பதிவை என்ன செய்வது? பாட் பட்டியலை எப்படி அமைப்பது? “பிராண்டுக்காரன் வழக்குப் போட்டால் அட்மின்தான் மாட்டுவான்” என்று ஒரு அட்மின் சொல்வது சரியா? கடை வைத்திருப்பவர் அட்மினாகத் தொடரலாமா?

---

நாசில்நாகு

விதியை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தப் பதிவு. “சுத்தக் குப்பை” என்பது கருத்து. “ஏமாத்துறானுங்க” என்பது எதிராளியின் நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, ஆதாரம் எதுவும் கூட வரவில்லை. கமிஷன் வரி வம்பு. இந்த மூன்றுக்கும் நடுவே தீ விபத்து சம்பந்தப்பட்ட தகவல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது: தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கும் சென்சார்) கழன்றது, திரையில் 180 டிகிரி காட்டும்போதே நாசிலில் (பிளாஸ்டிக் உருகி வெளியே வரும் முனை) புகை வந்தது, மெஷின் நிற்கவில்லை. பாட் பிடித்தது முதல் வரியை, குழு இழந்தது மூன்றாம் வரியை.

அதில் ஒரு விவரம் குறைகிறது. செட் செய்திருந்த வெப்பநிலை எவ்வளவு?

செட் 200, திரையில் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழன்ற தெர்மிஸ்டர் குறைவாகக் காட்டுவதால், “இன்னும் சூடாகவில்லை” என்று மெஷினை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஹீட்டருக்கு முழு மின்சாரத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். மார்லின் என்ற பரவலான ஃபர்ம்வேரில் வெப்பப் பாதுகாப்பு இயங்கினால் இது நீடிக்காது. அதன் இயல்பான அமைப்புப்படி, செட் செய்த அளவை எட்டிய பிறகு 4 டிகிரிக்கு மேல் இறங்கி 40 விநாடி அப்படியே கிடந்தால் ஹீட்டரை அணைத்து மெஷினை நிறுத்திவிடும். நிற்கவில்லை என்றால் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஃபர்ம்வேர் ஏற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுக்கிறது. அந்த மாடலை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைக்கே போய்ச் சேர வேண்டிய செய்தி.

செட்டே 180, திரையிலும் 180 என்றால் கதை வேறு. தெர்மிஸ்டர் முழுக்க வெளியே வராமல், பிளாக்கில் (நாசிலைச் சூடாக்கும் உலோகக் கட்டி) பட்டும் படாமலும் தொங்குகிறது. பிளாக் உண்மையில் 240, 250க்குப் போயிருக்கும், தெர்மிஸ்டருக்கு வந்து சேர்வது 180 மட்டும். ஃபர்ம்வேரின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அதனால் எரர் வராது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் இதே கதிதான். இது ஸ்க்ரூ முடுக்கும் சமாச்சாரம்.

முதலாவது தயாரிப்பாளர் தலையில் விழ வேண்டியது, இரண்டாவது பெரும்பாலும் பராமரிப்புக் குறை. “செட் எவ்வளவு வச்சிருந்தீங்க?” என்று ஒருவர் கேட்டிருந்தால் எது என்று தெரிந்திருக்கும். பதிவு இல்லாததால் கேட்க ஆள் இல்லை. பிராண்ட் மேல் தப்பே இல்லாமல் இருந்தாலும் அதைச் சொல்லவும் வழி இல்லாமல் போயிற்று. பிராண்டைக் காப்பாற்றத்தான் அழிக்கிறோம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. குழுவில் பின் செய்து வைக்கலாம்:

மெஷினை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, நாசில் ஆறும் வரை பொறுங்கள். மெயின்போர்டில் நாசில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். தெர்மிஸ்டர் ஒயரைத் தொடக்கூடாது. மறுபடி பவர் கொடுத்து நாசிலை 200க்கு செட் செய்யுங்கள். சூடு ஏறாது. பாதுகாப்பு உள்ள மார்லின் என்றால் 40 விநாடிக்குள் 2 டிகிரியாவது ஏறுகிறதா என்று பார்த்து, ஏறாவிட்டால் ‘ஹீட்டிங் ஃபெயில்ட்’ என்று நின்றுவிடும். சில பழைய அமைப்புகளில் 20 விநாடி. 2 நிமிடம் ஆகியும் திரையில் 30/200 என்றே சலனமில்லாமல் உட்கார்ந்திருந்தால் விஷயம் மோசம். சோதனை முடிந்ததும் பவரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஒயரை மாட்ட வேண்டும். ஸ்க்ரூவை நன்றாக முடுக்குங்கள், தளர்ந்த டெர்மினலே தனியாகச் சூடாகிக் கருகும்.

பவர் ஓடும்போது ஒயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. வேண்டாம், நுனி பட்டு ஷார்ட் ஆனால் போர்டு போய்விடும்.

இதோடு யுஎஸ்பியில் கம்ப்யூட்டரை இணைத்து ஃபர்ம்வேர் விவரம் கேட்கும் எம்115 கட்டளை அனுப்பிப் பாருங்கள். வரும் வரிகளில் தெர்மல் புரொடெக்‌ஷன் என்ற வரியின் முடிவில் 1 என்றால் இருக்கிறது, 0 என்றால் இல்லை. அந்த வரியே வராவிட்டால் ஒன்றும் முடிவு கட்ட முடியாது, விவர அறிக்கையை அணைத்து வைத்திருப்பார்கள். க்ளிப்பர் என்ற வேறு ஃபர்ம்வேர் ஓட்டுபவர்களுக்கு இந்த வரி பொருந்தாது. அங்கே ஹீட்டர் சரிபார்ப்பு இயல்பாகவே ஓடும், யாராவது கான்ஃபிக் ஃபைலில் அதன் எண்களைத் தளர்த்தியிருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

---

பெல்ட்_டென்ஷன்

பாட் விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பட்டியலை இன்னைக்கே எடுங்க. தமிழ்ல நட்சத்திரக் குறி போட்டுத் தடைச்சொல் வைக்கிறது ஆபத்து, ஏன்னா நம்ம சொல் எல்லாம் வால் முளைச்சு நீளும்.

‘போலி*’ன்னு வச்சிருக்கீங்க. “நாசில் அடைச்சிருக்கு போலிருக்கு” என்ன ஆகும்? போகும். “பெல்ட் லூஸ் போலிருக்கே” அதுவும் போகும். பழுது கண்டுபிடிக்கிற ஆள் ஒவ்வொருத்தரும் எழுதுற வார்த்தை அது. ‘ஏமாற்ற*’ போட்டா “பிரிண்ட் ஏமாற்றமா இருந்துச்சு”ன்னு சொன்னவனும் காலி. ‘குப்பை’ இன்னும் வேடிக்கை. நாலு கலர்ல அடிக்கிற மெஷின்ல கலர் மாறும்போது வெளிய தள்ளுற பிளாஸ்டிக்குக்கு எல்லாரும் சொல்ற பேரே குப்பைதான். “ஒரு மாடலுக்கு 40 கிராம் குப்பை வருது, எப்படிக் குறைக்கிறது?” இதைப் போய் அழிக்குது உங்க பாட்.

தடைச்சொல்லா வைக்க வேண்டியது கெட்ட வார்த்தை, சாதிப் பேரைச் சொல்லித் திட்டுறது, சூதாட்ட லிங்க், கடன் ஆப் லிங்க். அவ்வளவுதான். அதுலயும் நட்சத்திரம் இல்லாம, முழுச் சொல்லா, ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியா போடுங்க. சந்தேகமான சொல்லுக்கு டெலீட் வேண்டாம், அட்மினுக்குத் தெரியப்படுத்துற மாதிரி வச்சா போதும்.

அடுத்தது தடயம். இதுல ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதம், இது தெரியாமத்தான் பாதிச் சண்டை வருது.

வாட்ஸாப்ல அட்மின் ஒரு செய்தியை அழிச்சா, அந்த இடத்துல இன்ன அட்மின் நீக்கினார்னு எல்லாருக்கும் தெரியும். டெலிகிராம்ல ஒண்ணுமே இருக்காது. எழுதினவனே ஸ்க்ரோல் பண்ணித் தேடிட்டு, நம்ம போட்டோமா இல்லையான்னு குழம்புவான். ரெட்டிட்ல அதைவிட மோசம்: நீக்கின கமென்ட் எழுதினவருக்கு மட்டும் அப்படியே தெரியும், ஊருக்குத் தெரியாது. லாக் அவுட் பண்ணின பிரவுசர்ல அந்த லிங்கைத் திறந்து பார்த்தாத்தான் உண்மை புரியும். ஃபேஸ்புக் குழுவுல ‘போஸ்ட் அப்ரூவல்’ போட்டிருந்தா விமர்சனம் அழியக்கூட வேண்டாம், வரிசையிலயே கெடந்து ஊசிப்போகும்.

டெலிகிராம்ல அட்மின்களுக்கு ‘ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்’னு ஒரு பக்கம் இருக்கு. யார் எதை அழிச்சாங்க, அழிச்ச செய்தி என்ன, எல்லாம் இருக்கும். ஆனா 48 மணி நேரம்தான். அதுக்கப்புறம் கேட்டா கையை விரிக்கணும். டிஸ்கார்டுல ஆடிட் லாக் 45 நாள் நிக்கும், ஆனா அழிச்ச செய்தியோட வாசகம் அதுல இருக்காது.

அதனால தனியா ஒரு சேனல் போடுங்க, நாலு அட்மின் மட்டும். ரோஸ் மாதிரி குழு மேய்க்கிற பாட் ஒண்ணை அதுல அட்மினாச் சேர்த்து லாக் சேனலா இணைச்சிடுங்க. எச்சரிக்கை, தடை எல்லாம் அங்க பதிவாகும். ஒரு ஓட்டை இருக்கு: அட்மின் கையால லாங் பிரஸ் பண்ணி அழிச்சா பாட்டுக்குத் தெரியவே தெரியாது, டெலிகிராம் அந்தத் தகவலை பாட்டுக்கு அனுப்புறதில்லை. அதனால பழக்கம் இப்படி இருக்கணும்: முதல்ல லாக் சேனலுக்கு ஃபார்வர்ட், அதுக்குக் கீழ எந்த விதின்னு ஒரு வரி, அப்புறம்தான் டெலீட்.

எழுதினவருக்கும் ஒரு வரி போகணும். “உங்க 7.40 மணிப் பதிவுல கடைசி வரி விதி 3க்கு எதிரா இருக்கு. அதை எடுத்துட்டு மறுபடி போடுங்க, மத்ததெல்லாம் தேவையான தகவல்.” அவ்வளவு போதும். அவர் எழுதினதோட நகலையும் கூடவே அனுப்பிடுங்க. டெலிகிராம்ல போனது போனதுதான், மறுபடி முழுக்க டைப் பண்ணச் சொன்னா பண்ண மாட்டாங்க.

கடைசியா, அட்மின் உரிமைல ‘அனானிமஸ்’னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருந்தா அட்மின் பேசுறது குழுவோட பேர்லயே வரும். அழிக்கிற உரிமை உள்ள யாருக்கும் அதை ஆன் பண்ணி வைக்காதீங்க. முகமே இல்லாம தண்டிச்சா, கமிஷன் கதை தானா முளைக்கும்.

---

கம்பிச்சுருள்

ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ஆனா அட்மின் பக்கம் ஒண்ணு இருக்கு. எதிர்மறைப் பதிவு கூடாதுங்கிற விதி வானத்துலேர்ந்து குதிக்கல. ஒரே புகாரை 15 பேர் 15 தடவை போடுவாங்க. அதுக்கு நடுவுல “முதல் லேயர் ஒட்ட மாட்டேங்குது”ன்னு கேட்ட புது ஆளோட கேள்வி மேல போயிடும். ஒரு பிராண்ட் வச்சிருக்கிறவன் இன்னொரு பிராண்டுக்காரனை நக்கல் பண்றது தனி. போட்டிக் கடைக்காரன் வேற பேர்ல வந்து எழுதறதும் நடக்கிற சமாச்சாரம்தான். நாலு பேர், சம்பளம் இல்லாத வேலை, ராத்திரி 11 மணிக்கு எது உண்மை எது பொய்னு யார் உட்கார்ந்து பார்க்கிறது? அழிச்சிட்டுப் படுத்துடுவாங்க.

அதனால “அழிக்காதே”ன்னு மட்டும் விதி போட்டா ரெண்டு மாசத்துல குழு சந்தைக்கடை ஆயிடும். அட்மின் வேலையைக் குறைக்கிற வழியைச் சேர்த்துச் சொல்லணும்.

குழுவைத் தலைப்பு வாரியாப் பிரிக்கிற டாபிக்ஸ் வசதியை ஆன் பண்ணுங்க. ‘குறைபாடுகள்’னு ஒரு டாபிக். மாடல் + குறை, அதுக்கு ஒரே ஒரு தலைமைப் பதிவு, அதே குறை இருக்கிறவங்க அதுக்கு ரிப்ளைதான் பண்ணணும். தனியாப் போட்டா அழிக்காம அந்தத் தலைமைப் பதிவோட லிங்க்கை மட்டும் கொடுங்க. சண்டை சூடு ஏறினா ஸ்லோ மோட், அதாவது ஒரு ஆள் ஒரு மெசேஜ் போட்டா அடுத்ததுக்கு இவ்வளவு நேரம் காத்திருக்கணும். டெலிகிராம்ல 1 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். சண்டைக்கு 5 நிமிஷம் போதும், ஒரே ஆள் இருபது மெசேஜ் தட்டுறது நின்னுடும். ஸ்லோ மோட் அட்மினுக்குப் பொருந்தாதுங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த நேரத்துல அட்மின் வரிசையா ஏழு பதில் போட்டா பார்க்க அசிங்கமா இருக்கும்.

இழையை மூடணும்னா மூடுங்க, ஆனா கடைசி வார்த்தையை அட்மின் சொல்லிட்டு மூடக்கூடாது.

ஆளைத் தடை பண்றதுன்னா தேதி போட்டுப் பண்ணுங்க. 1 நாள், 1 வாரம்னு டெலிகிராம்லயே இருக்கு. கோபத்துல எழுதினவனை நிரந்தரமாத் தூக்கினா, அவன் அடுத்த குழுவுல உங்க பேரைச் சொல்லித்தான் அறிமுகமே பண்ணிக்குவான்.

---

நாசில்நாகு

@கம்பிச்சுருள் ஒப்புக்கொள்கிறேன். ‘குறைபாடுகள்’ டாபிக் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறமாக அது ஆகிவிட்டால், அழிப்பதற்கும் அங்கே தள்ளுவதற்கும் வித்தியாசம் இல்லை. நாசில், பெட் (பிரிண்ட் உட்காரும் தட்டு), பவர் சப்ளை, ஒயரிங் இந்த நான்கில் வரும் புகாரைப் பொது டாபிக்கிலேயே விட வேண்டும். பெயின்ட் உரிந்தது, டெலிவரி தாமதம், பெட்டி நசுங்கியது எல்லாம் தாராளமாக அங்கே போகட்டும்.

போட்டிக் கடைக்காரர் விஷயத்துக்கு வழி உண்டு. யார் எழுதுகிறார், என்ன தொனியில் எழுதுகிறார் என்பதைத் தோண்டாமல், எல்லோரிடமும் ஒரே படிவம் கேளுங்கள்:

மாடலும் மெயின்போர்டு எண்ணும். ஃபர்ம்வேர் பதிப்பு. வாங்கிய மாதம், எங்கே வாங்கியது. செட் அளவு, திரையில் காட்டிய அளவு. எத்தனை மணி நேரம் ஓடிய மெஷின். தானே மாற்றிய பாகம் ஏதாவது உண்டா (இது ரொம்ப முக்கியம், ஹாட்டெண்ட் என்ற நாசில்-ஹீட்டர் பகுதியை வேறாக மாற்றிப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது சகஜம்). விற்றவர் சொன்ன பதில். மெஷினுக்குப் பக்கத்தில், குழுவில் உள்ள பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு ஒரு போட்டோ; அதில் சீரியல் எண் தெரிந்தால் பாதியை மறைத்துவிடலாம்.

சீட்டு போட்டோ கேட்டவுடனே மெஷினே இல்லாதவர்களில் பெரும்பாலோர் நழுவிவிடுவார்கள். படிவம் நிரப்பவில்லை என்பதற்காக அழிக்கக்கூடாது. “விவரம் வரவில்லை, இன்னும் உறுதியாகவில்லை” என்று அட்மின் ஒரு ரிப்ளை போட்டால் போதும், படிப்பவர்கள் எடைபோட்டுக்கொள்வார்கள்.

---

வாய்தா

வழக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவான நிலையைச் சொல்கிறேன். நோட்டீஸ் கையில் வந்தால் வக்கீலைப் பாருங்கள், குழுவில் கேட்காதீர்கள்.

உறுப்பினர் எழுதியதற்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியுமா என்ற கேள்வி வாட்ஸாப் குழுக்கள் விஷயத்தில் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, 2022இல் கேரள உயர் நீதிமன்றம், இரண்டுமே அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மேல் பொறுப்பு ஏறாது என்றன. ஆளைச் சேர்ப்பது, நீக்குவது தவிர அவருக்குப் பெரிய அதிகாரம் இல்லை என்பது அப்போதைய அந்தத் தீர்ப்புகளின் அடிப்படை. எழுதியவரோடு கூட்டுச் சேர்ந்து செய்தார் என்றால் அது தனி. ஆகவே “அட்மின்தான் மாட்டுவான்” என்பது மிகை. வழக்கே போட மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, அலைச்சல் அலைச்சல்தான்.

எழுதியவர் விஷயம் வேறு. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. நிறுவனத்தையும் அவதூறு செய்ய முடியும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. விதிவிலக்குகளும் அங்கேயே உண்டு: பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை, தன் நலனையோ மற்றவர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது, கேட்பவரின் நன்மைக்காகச் செய்த எச்சரிக்கை. உங்கள் மாதிரிப் பதிவில் ‘தெர்மிஸ்டர் கழன்றது, எரர் வரவில்லை’ என்பது உண்மையாக இருந்தால் இந்த நிழலில் நிற்கும். ‘ஏமாத்துறானுங்க’ நிற்பது கடினம், அது மோசடிக் குற்றச்சாட்டு. நாசில்நாகு பிரித்ததும் சட்டம் பிரிப்பதும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான். எடுக்கச் சொல்ல வேண்டியது அந்த ஒரு சொல்லையும் கமிஷன் வரியையும்தான்.

இன்னொரு தவறான எண்ணம் உறுப்பினர்கள் பக்கம் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். அது தளத்தின் மேல் உள்ள குறைகளுக்கும் அங்கே நடக்கும் விதிமீறல்களுக்கும். குழு அட்மின் உங்கள் பதிவை எடுத்தது பெரும்பாலும் அதில் வராது, குழு அட்மின்களின் திண்ணை. பொருள் பழுதுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், வாரன்டி அட்டை, விற்பனையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும்.

கடைக்காரர் அட்மின்: சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விளம்பரம் பற்றிய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள், பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் சமூக ஊடகக்காரர்களுக்கென்று தனிக் கையேடே போட்டது. பணம் மட்டும் கணக்கில்லை. இலவச மெஷின், தள்ளுபடி கூப்பன் எல்லாம் தொடர்புதான். பரிசோதிக்கச் சொல்லி இலவசமாக வந்த பிரிண்டரைப் பற்றி அட்மின் எழுதும்போது முதல் வரியிலேயே அது இருக்க வேண்டும்.

விதி எழுத முன்மாதிரி வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 19000:2022 இருக்கிறது. ஆன்லைன் நுகர்வோர் மதிப்புரைகளைத் திரட்டுவது, மட்டுறுத்துவது, வெளியிடுவது பற்றிய தரநிலை. வணிகத் தளங்களை மனதில் வைத்து எழுதியது, பொழுதுபோக்குக் குழுவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மட்டுறுத்தல் ஒரு பக்கம் சாயக்கூடாது என்ற அதன் போக்கு உங்களுக்கும் உதவும்.

---

அடுக்கு_02

எல்லோருக்கும் நன்றி. பட்டியலிலிருந்து போலி, ஏமாற்ற, ஏமாத்து, குப்பை, கமிஷன் ஐந்தையும் எடுத்தாயிற்று. புது விதி வரைவு:

“5. பொருளையும் விற்பனையையும் விமர்சிக்கலாம். திட்டித்தான் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு பதிவு நீக்கப்படாது. நீக்கப்படுபவை: ஆளைக் குறிவைத்த வசை, ஆதாரமில்லாத மோசடிக் குற்றச்சாட்டு, பிறர் தொலைபேசி எண் அல்லது முகவரி. பதிவில் ஒரு பகுதி மட்டும் இப்படி இருந்தால் நகலோடு எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்படும், திருத்தி மறுபடி போடலாம். சூடு, மின்சாரம், ஒயரிங் பற்றிய புகாரை அட்மின் இருவர் சேர்ந்து பார்த்த பிறகே தொட வேண்டும்.

6. தான் விற்கும் அல்லது இலவசமாகப் பெற்ற பிராண்ட் பற்றிய பதிவில் அந்த அட்மின் மட்டுறுத்தல் செய்யக்கூடாது. யாருக்கு எந்தப் பிராண்டோடு தொடர்பு என்ற பட்டியல் பின் செய்யப்படும்.

7. நீக்கம் தவறு என்று நினைப்பவர் 7 நாளுக்குள் வேறொரு அட்மினிடம் கேட்கலாம்.”

ஏதாவது ஓட்டை இருக்கிறதா?

---

பெல்ட்_டென்ஷன்

மூணு இருக்கு.

7 நாள்னு போட்டிருக்கீங்க, ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ் 48 மணி நேரத்துல காலி. லாக் சேனலுக்கு ஃபார்வர்ட் பண்ற பழக்கம் நாலு பேருக்கும் வந்த பிறகுதான் 7 நாள் செல்லும். அதுவரைக்கும் 2 நாள்னு போடுங்க, இல்லைன்னா மூணாம் நாள் கேக்கிறவருக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது.

6ஆம் விதியை எழுத்துல மட்டும் வச்சா நிக்காது. அட்மின் உரிமைப் பக்கத்துல ‘டெலீட் மெசேஜஸ்’, ‘பேன் யூசர்ஸ்’ ரெண்டும் தனித்தனி சுவிட்ச். கடைக்காரருக்கு அந்த ரெண்டையும் அணைச்சிட்டு, பின் பண்றது, புது ஆளைச் சேர்க்கிறது மட்டும் விடுங்க. பிராண்டுக்கு ஏத்த மாதிரி உரிமையைப் பிரிக்க டெலிகிராம்ல வழி இல்லை, அதனால மொத்தமா எடுக்கிறதுதான் சுத்தம். அவருக்கும் நல்லது, கமிஷன் பேச்சு வந்தா சுவிட்சைக் காட்டிடலாம்.

5ல ‘இருவர் சேர்ந்து பார்த்த பிறகே’ன்னு இருக்கு. ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் புகை வருதுன்னு பதிவு போட்டு, அதுல யாரோ ஒருத்தரோட போன் நம்பரும் இருந்தா? இன்னொரு அட்மின் முழிக்கிற வரைக்கும் நம்பர் கெடக்கும். “தொலைபேசி எண், முகவரிக்கு இது பொருந்தாது”ன்னு ஒரு வரி சேருங்க. பதிவை எடுக்கிற ஆளே அந்த நம்பரை மட்டும் வெட்டிட்டு, மீதியைத் தன் பேர்ல உடனே மறுபடி போடட்டும், “இன்னார் எழுதினது”ன்னு சேர்த்து. புகை சமாச்சாரம் விடியற வரைக்கும் காத்திருக்காது.

---

அடுக்கு_02

மூன்றும் திருத்தியாயிற்று. அந்தப் பழைய பதிவு எழுதியவரைத் தேடி நகலோடு செய்தி அனுப்பியதில் பதில் வந்தது: செட் 210ஆம், மெயின்போர்டு போட்டோவும் அனுப்பியிருக்கிறார். எம்115 வரி இன்னும் கேட்க வேண்டும். பொது டாபிக்கில் பதிவு மீண்டும் ஏறியிருக்கிறது, குப்பை என்ற சொல்லோடு.